காத்திருக்கக் கற்ற தாய்

ஆவணி மாதம் 27ஆம் திகதி புனித மொனிக்கம்மாளின் திருநாள். மறுநாள், 28ஆம் திகதி, அவருடைய மகன் புனித அகுஸ்தீனாரின் திருநாள். 1969ஆம் ஆண்டு வரை தாயின் திருநாள் வைகாசி 4ஆம் திகதியிலே கொண்டாடப்பட்டு வந்தது. திருவழிபாட்டு நாட்காட்டி சீர்திருத்தம் பெற்றபோது, மகனுடைய நாளுக்கு முந்திய நாளை அவருக்குக் கொடுத்தார்கள். வாழ்நாள் முழுவதும் மகனைத் தேடி நடந்த தாயை இவ்வாறு மகனின் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தது திருச்சபை.

மொனிக்கம்மாளைப் பற்றிப் பிரசங்கங்களிலே அடிக்கடி கேட்கின்றோம். அழுது செபித்து மகனை மனந்திருப்பிய தாய் என்று ஒரே வசனத்தில் சொல்லி முடித்தும் விடுகின்றோம். ஆனால் நாம் ஒரு வசனத்தில் முடிக்கும் காரியத்தை அந்த அம்மையார் வாழ்ந்து முடிக்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அந்த ஆண்டுகளிலே அவர் என்ன செய்தார், எங்கே தவறினார், எதைக் கற்றுக்கொண்டார் என்பதை அறிந்தாலன்றி, அவரைப் பாதுகாவலியாகக் கொண்டாடுவதில் எமது வீடுகளுக்குப் பெரிய பயன் இராது.

சிறுமியாயிருந்தபோது

மொனிக்கம்மாள் ஏறக்குறைய 331ஆம் ஆண்டிலே வட ஆபிரிக்காவில் பிறந்தார். ஊரின் பெயர் தகாஸ்தே. இன்று அல்ஜீரியா நாட்டிலுள்ள சூக் அஹ்றாஸ் பட்டினமே அது. அந்நாளில் உரோமைப் பேரரசுக்கு உட்பட்ட சிறு பட்டினமாக இருந்தது. பெற்றோர் கிறிஸ்தவர்கள். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அவ்வீட்டில் ஒரு வயோதிபப் பணிப்பெண்ணிடம் இருந்தது. மொனிக்கம்மாளின் தகப்பனாரையே குழந்தையாக முதுகிலே சுமந்து திரிந்தவள் அவள். கண்டிப்பானவள். சாப்பாட்டு வேளை தவிர்ந்த நேரத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவும் அவள் விடுவதில்லை. இன்று தண்ணீரை அடக்கப் பழகாதவர்கள், நாளை களஞ்சியத்தின் திறப்பு கைக்கு வரும்போது மதுவை அடக்கமாட்டார்கள் என்பது அவளுடைய எண்ணம்.

அவள் பயந்தபடியே ஒரு காரியம் நடந்தது. பீப்பாவிலிருந்து முந்திரிகை மது எடுத்துவர மொனிக்கம்மாளை அனுப்புவார்கள். சிறுபிள்ளைக் குறும்பினால் முதலில் உதட்டை நனைத்தார். பின்னர் நாளுக்கு நாள் சிறிது கூடிக்கூடி, கிண்ணம் நிறையக் குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. கூடவே போய்வந்த வேலைக்காரச் சிறுமி ஒரு நாள் சண்டையின்போது அவரைக் குடிகாரி என்று ஏசினாள். அந்தச் சொல் முள்ளைப்போல் தைத்தது. அன்றே அப்பழக்கத்தை விட்டுவிட்டார். திருத்த வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் ஆத்திரத்தில் வந்த ஒரு சொல்லைக் கொண்டும் ஆண்டவர் ஓர் ஆன்மாவைத் திருத்துவார் என்பதை மொனிக்கம்மாள் சிறுவயதிலேயே தம்மில் கண்டார். பின்னாளில் மகனுக்காகக் காத்திருந்த காலத்தில் இந்த அறிவு அவருக்கு உதவியிருக்க வேண்டும்.

புகுந்த வீடு

வயது வந்ததும் பத்திரிசியுஸ் என்பவருக்கு அவரை மணமுடித்துக் கொடுத்தார்கள். பத்திரிசியுஸ் கிறிஸ்தவர் அல்லர். சிறிதளவு நிலபுலம் உடையவர், பட்டின சபையின் அங்கத்தவர். நல்ல மனமுள்ளவர்தாம், ஆனால் கோபம் வந்தால் தம்மை மறப்பவர். மனைவிக்கு உண்மையாக இருந்தவரும் அல்லர். மாமியாரோ வேலைக்காரரின் கோள்மூட்டலைக் கேட்டு மருமகளை வெறுத்தார்.

மொனிக்கம்மாளின் முதற் காத்திருப்பு இந்த வீட்டிலேதான் ஆரம்பமானது. கணவன் கோபத்தில் இருக்கும்போது அவர் வாய் திறப்பதில்லை. கோபம் ஆறி அமைதி வந்தபின், நடந்ததை எடுத்துச் சொல்லுவார். அவ்வூரிலே பத்திரிசியுஸைவிடச் சாந்தமான கணவர்களைக் கொண்ட பெண்களும் முகத்தில் அடிகாயங்களோடு வந்து முறையிடுவார்கள். மொனிக்கம்மாளின் மேல் ஒரு நாளும் கை ஓங்கப்பட்டதாக யாரும் அறியவில்லை. மாமியாரையும் அவர் பொறுமையாலும் பணிவாலுமே வென்றார். முடிவில் அந்த மாமியாரே கோள் சொன்னவர்களை மகனிடம் காட்டிக் கொடுத்து, வீட்டுக்குச் சமாதானத்தைத் தேடிக்கொண்டார்.

அக்காலத்துப் பெண்களுக்கு வேறு வழி அதிகம் இருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. அடியும் உதையும் வாங்குவதைப் பொறுமை என்று எமது பெண்களுக்குப் படிப்பிக்க இந்த வரலாற்றை யாரும் எடுத்துக்கொள்ளவும் கூடாது. மொனிக்கம்மாளிடம் கற்க வேண்டியது வேறு. பேச வேண்டியதை அவர் பேசாமல் விடவில்லை. பேசினால் உள்ளே போகக்கூடிய வேளைக்காகக் காத்திருந்தார். அயலவர் இருவர் பகைத்துக்கொண்டால், ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொன்ன கசப்பான வார்த்தைகளை அவர் மறுபக்கம் கொண்டுபோவதில்லை. ஒப்புரவுக்கு உதவுவதை மட்டும் கொண்டுபோவார். அவருடைய மகன் பிற்காலத்தில் ஆயராக இருந்தபோது, தாயின் பெரிய குணங்களுள் ஒன்றாக இதனை எழுதி வைத்தார்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளின்பின் பத்திரிசியுஸ் விசுவாசத்துக்கு வந்தார். ஞானஸ்நானம் பெற்றுச் சிறிது காலத்துக்குள், 371ஆம் ஆண்டை அண்டிக் காலமானார்.

மகன்

இவர்களுக்கு மூன்று பிள்ளைகளாவது இருந்தனர். நவிஜியுஸ் என்ற ஒரு மகன், பிற்காலத்தில் கன்னியர் இல்லமொன்றின் தலைவியாக இருந்த ஒரு மகள், 354ஆம் ஆண்டு கார்த்திகை 13ஆம் திகதி பிறந்த அகுஸ்தீன். அகுஸ்தீன் மகா கெட்டிக்காரன். பாலோடு சேர்த்து யேசுவின் திருப்பெயரையும் அவருக்கு ஊட்டியவர் தாய்தான். எனினும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. சிறுவயதில் கடுமையான வயிற்று நோவு கண்டு உயிர் போகும் நிலைக்கு வந்தபோது, பிள்ளை தானே ஞானஸ்நானம் கேட்டான். தாய் அதற்கு ஆயத்தமும் செய்தார். நோய் திடீரெனத் தணிந்தது, ஞானஸ்நானமும் பிற்போடப்பட்டது. இளமையில் எப்படியும் பாவம் செய்வான், கழுவப்பட்ட பின் செய்யும் பாவம் பெரிது என்பது அக்காலத்தில் பலரிடம் இருந்த எண்ணம். அந்தத் தாயும் அவ்வாறே எண்ணினார். மகனோ பின்னாளில், அன்றே தன்னைக் குணமாக்கியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று வருந்தினார்.

தாயிடம் இன்னொரு குறையும் இருந்தது. மகன் படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. பதினாறாம் வயதில், பணமில்லாமையால் படிப்பு ஓர் ஆண்டு நின்று, அகுஸ்தீன் வீட்டிலே சோம்பியிருந்தார். கெட்ட சகவாசம் தொடங்கியது. தாய் தனியாக அழைத்துப் புத்தி சொன்னார். ஆனால் கலியாணம் செய்து வைத்தால் படிப்பும் எதிர்காலமும் கெட்டுவிடும் என்று அஞ்சி, அந்த வழியை நாடவில்லை. எத்தனையோ நல்ல பெற்றோர் இன்றும் செய்யும் கணக்குத்தான் இது. மொனிக்கம்மாள் அர்ச்சியசிஷ்டவராகப் பிறந்தவர் அல்லர். காத்திருந்த காலமே அவரை அவ்வாறு ஆக்கியது.

பதினேழாம் வயதில் அகுஸ்தீன் கார்த்தேஜ் நகருக்குச் சென்றார். தகப்பன் இறந்தபின் ஊர்த் தனவந்தர் ஒருவர் படிப்புக்கு உதவினார். அங்கே ஒரு பெண்ணோடு திருமணமின்றி வாழத் தொடங்கினார். அதேயோதாத்துஸ் என்ற ஆண்பிள்ளை பிறந்தது. பத்தொன்பதாம் வயதில் சிசெறோவின் நூலொன்றைப் படித்து ஞானத்தின்மேல் தாகம் கொண்டார். அந்தத் தாகம் அவரை மனிக்கேயரிடம் கொண்டுபோய் விட்டது. நன்மைக்கு ஒரு மூலம், தீமைக்கு ஒரு மூலம் என இரண்டு மூலங்களைப் படிப்பித்த மதம் அது. கத்தோலிக்க விசுவாசத்தை அறிவில்லாதவர்களின் நம்பிக்கை என்று ஏளனம் செய்யும் கூட்டம். ஒன்பது ஆண்டுகள் அவர் அதில் இருந்தார். தாம் இருந்தது மட்டுமன்றி, தம் நண்பர்களையும் இழுத்துச் சென்றார்.

படிப்பு முடித்து ஊருக்குத் திரும்பியபோது, மொனிக்கம்மாள் அவரை வீட்டில் ஏற்கவில்லை. ஒரே மேசையில் இருந்து உண்ணவும் மறுத்தார். பிள்ளை இறந்து போனால் தாய்மார் அழுவதைவிட அதிகமாக அவர் அழுதார் என்று மகனே சாட்சி சொல்லுகின்றார்.

ஒரு கனவும் ஓர் ஆயரும்

அந்நாட்களில் ஒரு கனவு கண்டார். ஒரு மர அளவுகோலின்மேல் நின்று அழுதுகொண்டிருக்கின்றார். ஒளிபொருந்திய இளைஞர் ஒருவர் வந்து துயரத்தின் காரணம் கேட்கின்றார். மகனின் ஆன்மா கெடுவதாகச் சொன்னபோது, கவலையை விட்டு நன்றாகப் பார்க்கும்படி சொல்லுகின்றார். பார்த்தால், தாம் நிற்கும் அதே கோலின்மேல் பக்கத்தில் மகன் நிற்கின்றார். விழித்ததும் மகனிடம் இதைச் சொன்னார். வாதத்தில் வல்லவரான மகன், தாயும் ஒரு நாள் தன் பக்கம் வருவார் என்பதே பொருள் என்றார். தாய் ஒரு கணமும் தயங்கவில்லை: மகன் இருக்கும் இடத்தில் தாய் இருப்பார் என்று சொல்லப்படவில்லை, தாய் இருக்கும் இடத்தில் மகன் இருப்பார் என்றே காட்டப்பட்டது என்றார். கனவைவிட அந்த உடனடிப் பதிலே அகுஸ்தீனின் மனதைத் தொட்டது. மகனை மீண்டும் வீட்டில் ஏற்றுக்கொண்டார் தாய்.

கனவு நிறைவேற இன்னும் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

அதே காலத்தில் அவர் ஓர் ஆயரிடம் சென்றார். அந்த ஆயர் சிறுவயதில் மனிக்கேயரிடையே வளர்ந்து, அவர்களுடைய நூல்களைப் படித்துப் படியெடுத்து, தாமாகவே அப்பிழையை உணர்ந்து வெளியேறியவர். மகனோடு பேசித் திருத்தும்படி மொனிக்கம்மாள் கெஞ்சினார். ஆயர் மறுத்தார். அந்த இளைஞன் இப்போது புதுமை மயக்கத்தில் இருக்கின்றான், படிப்பிக்க முடியாது, விட்டுவிட்டு அவனுக்காகச் செபிக்கட்டும், வாசித்து வாசித்துத் தானே அறிந்துகொள்வான் என்றார். தாய் விடவில்லை, அழுது மன்றாடினார். ஆயர் சிறிது சலிப்போடு, இத்தனை கண்ணீருக்கு உரிய மகன் கெட்டுப்போக முடியாது என்ற கருத்தில் ஏதோ சொல்லி அவரை அனுப்பிவிட்டார். சலிப்பில் வந்த அந்த வார்த்தையை மொனிக்கம்மாள் வானத்திலிருந்து வந்ததாக ஏற்றுக்கொண்டார்.

ஆயர் செய்தது சரியே. மகனிடம் மீண்டும் மீண்டும் வாதாட ஆளைத் தேடிய தாய்க்கு, மகனைப் பற்றிக் கடவுளிடம் பேசும் வழியைக் காட்டினார். அன்றிலிருந்து மொனிக்கம்மாளின் வழக்கம் ஒன்றே. பீடத்துக்குக் காணிக்கை கொண்டுபோகாத நாள் இல்லை. காலையும் மாலையும் கோவிலுக்குப் போகத் தவறுவதில்லை. ஏழைகளுக்குக் கொடுப்பார். காத்திருப்பவர்களின் கைகள் சும்மா இருந்தால் மனம் கசந்துவிடும். அவருடைய கைகள் சும்மா இருக்கவில்லை.

துறைமுகத்தில்

383ஆம் ஆண்டில், இருபத்தெட்டு வயதான அகுஸ்தீன் உரோமாபுரிக்குப் போகத் தீர்மானித்தார். கார்த்தேஜில் மாணவர்களின் குழப்படி தாங்க முடியவில்லை. மனிக்கேயரிலும் நம்பிக்கை தளர்ந்துவிட்டது. மொனிக்கம்மாள் துறைமுகம் வரை பின்தொடர்ந்து வந்து, போகாதே அல்லது என்னையும் கொண்டுபோ என்று பற்றிப்பிடித்தார். மகன் ஒரு பொய் சொன்னார். காற்றுக்காகக் காத்திருக்கும் நண்பன் ஒருவனை வழியனுப்பவே வந்ததாகச் சொல்லி, கப்பலுக்கு அருகில் இருந்த புனித சிப்பிரியானின் சிற்றாலயத்தில் அன்றிரவு தங்கும்படி தாயைச் சம்மதிக்க வைத்தார். தாய் இரவெல்லாம் அங்கே அழுது செபித்தார். ஒரேயொரு மன்றாட்டு: மகன் கடல் கடந்து போகக்கூடாது. விடிந்து கரைக்கு வந்தபோது கப்பல் இல்லை.

அந்தக் காலையிலே மொனிக்கம்மாளின் நிலையை எண்ணிப் பாருங்கள். கோவிலுக்குள் முழங்காலில் நின்று கேட்டது, கோவிலுக்கு வெளியே அதே வேளையில் மறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளை ஏமாற்றிவிட்டான், கடவுளும் கேட்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் செபத்தை அன்றோடு விட்டிருக்கலாம். அவர் வேதனையால் துடித்தார், மகனின் வஞ்சகத்தை நொந்தார். பிறகு வீட்டுக்குத் திரும்பினார். அதே செபத்தைத் தொடர்ந்தார்.

அந்தக் கப்பல் எங்கே போகின்றது என்பது அவருக்குத் தெரியாது. இத்தாலிக்குப் போகாமல் அகுஸ்தீன் அம்புறோஸ் ஆண்டகையைச் சந்தித்திருக்க முடியாது. தாய் தடுக்கும்படி கேட்ட பயணமே, தாய் பல்லாண்டாகக் கேட்ட வரத்தை நோக்கிய பயணமாக இருந்தது. அன்று கேட்டதைக் கடவுள் மறுத்தார். என்றும் கேட்டதைக் கொடுப்பதற்காக மறுத்தார். இதை மகன் பின்னாளில் உணர்ந்து எழுதினார். ஆனால் கரையில் நின்ற தாய்க்கு அதை விளக்கிச் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. விசுவாசம் என்பது அந்த விளக்கம் இல்லாத காலையிலே வீட்டுக்குத் திரும்பிச் செபமாலையைத் தொடர்வது போன்றது என்று எமது வழக்கில் சொல்லலாம்.

உரோமாபுரியில் அகுஸ்தீன் காய்ச்சலில் விழுந்து சாவின் வாயில் வரை சென்றார். ஞானஸ்நானம் கேட்கவும் இல்லை. கடலுக்கு அப்பால் இருந்த தாய் அதை அறியார், ஆயினும் செபித்துக்கொண்டிருந்தார். பிழைத்தெழுந்தவர் 384ஆம் ஆண்டில் மிலான் நகரில் அரசாங்கப் பேச்சுக்கலைப் பேராசிரியராக உத்தியோகம் பெற்றார்.

மிலானில்

385ஆம் ஆண்டில் மொனிக்கம்மாள் கடல் கடந்து மகனைத் தேடி வந்தார். வழியில் புயல் அடித்தது. பயணிகளைத் தேற்றவேண்டிய மாலுமிகளை அவர் தேற்றினார்; சுகமாய்க் கரை சேருவோம் என்று உறுதி சொன்னார். மிலானில் மகனைக் கண்டபோது, தாம் இப்போது மனிக்கேயர் அல்லர், எனினும் இன்னும் கத்தோலிக்கரும் அல்லர் என்று அவர் அறிவித்தார். தாய் துள்ளிக் குதிக்கவில்லை. தாம் இவ்வுலகை விட்டுப் போகுமுன் மகனைக் கத்தோலிக்க விசுவாசியாகக் காண்பேன் என்று கிறிஸ்துவில் நம்புவதாக அமைதியாகச் சொன்னார். கார்த்தேஜ் கரையில் கதறிய தாய் இரண்டு ஆண்டுகளில் இந்த அமைதிக்கு வந்திருந்தார்.

அம்புறோஸ் ஆண்டகையிடம் அவர் பணியக் கற்றுக்கொண்டார். ஆபிரிக்க வழக்கப்படி, வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் மதுவும் கூடையில் கொண்டு சென்றார். ஆயர் அதைத் தடைசெய்திருப்பதாக வாயிற்காவலன் சொன்னதும், முறுமுறுப்பின்றி நிறுத்திவிட்டார். அதன்பின் தூய மனதையே காணிக்கையாகக் கொண்டு போனார். கூடையில் இருந்தது ஏழைகளுக்குப் போனது. சனிக்கிழமை உபவாசம் பற்றிய ஐயத்தையும் மகன் மூலம் ஆயரிடம் கேட்டார். எந்த ஊரில் இருக்கின்றோமோ அந்த ஊர்த் திருச்சபையின் வழக்கத்தைக் கைக்கொள்வதே நல்லது என்று விடை வந்தது. 386ஆம் ஆண்டில் ஆரியப் பதிதத்தைச் சார்ந்த அரச மாதா யுஸ்தீனா கோவிலைப் பறிக்க முயன்றபோது, ஆயரோடு சாகவும் ஆயத்தமாய் மக்கள் கோவிலில் விழித்திருந்தார்கள். அந்த விழிப்பில் முன்னின்றவர்களுள் மொனிக்கம்மாளும் ஒருவர். கீழைத் திருச்சபைகளின் வழக்கப்படி மக்கள் எல்லோரும் சேர்ந்து சங்கீதங்களும் பாடல்களும் பாடும் முறை மிலானில் அந்நாட்களிலேதான் தொடங்கியது.

ஒரு தவறு

மிலானில் நடந்த ஒரு காரியத்தை மறைத்துச் சொல்வது முறையன்று. மகனுக்கு முறையான திருமணம் செய்து வைத்தால் ஞானஸ்நானத்துக்கு வழி பிறக்கும் என்று தாய் எண்ணினார். பெண்ணும் பேசப்பட்டது. அவள் உரிய வயதுக்கு வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. மகனோடு பல ஆண்டுகள் உண்மையாக வாழ்ந்த, அவருடைய பிள்ளையின் தாயான பெண்ணை ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். வேறெந்த ஆணையும் அறிவதில்லை என்று கடவுளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளையை விட்டு, அவள் போய்விட்டாள். அவளுடைய பெயரும் எமக்குத் தெரியாது. அகுஸ்தீனின் இருதயம் கிழிந்து இரத்தம் வடிந்தது. ஆனால் அவர் திருந்தவில்லை. இரண்டு ஆண்டுகள் பொறுக்க முடியாமல் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார்.

அந்தத் திருமணத்தைப் பற்றி ஏதாவது காட்சியில் தெரிவிக்கும்படி மொனிக்கம்மாள் கடவுளைக் கேட்டிருந்தார். ஒன்றும் காட்டப்படவில்லை. கண்ட சில தோற்றங்களும் தம் சொந்த மனதின் எண்ணங்களே என்பதை அவரே உணர்ந்தார். காத்திருந்து களைத்தவர்கள் கடவுள் பேசாத இடத்தில் தாமே திட்டம் போடும் சோதனைக்கு உட்படுவதுண்டு. புனிதையும் அதற்குத் தப்பவில்லை. அத்திட்டத்தின் விலையை அந்தப் பெயரறியாத பெண் கொடுத்தாள். மொனிக்கம்மாளிடம் மன்றாடும்போது அந்தப் பெண்ணையும், அவளைப்போல் பிறருடைய திட்டங்களால் ஒதுக்கப்பட்டவர்களையும் நாம் நினைப்பது தகும்.

தோட்டமும் ஞானஸ்நானத் தொட்டியும்

அவ்வாண்டு ஆவணி மாதத்தில், தாயின் திட்டம் எதுவும் இல்லாமலே, அது நடந்தது. வீட்டுத் தோட்டத்தில் தம் பலவீனத்தை எண்ணி அழுதுகொண்டிருந்த அகுஸ்தீன், எடுத்து வாசிக்கும்படி அயலில் ஒரு பிள்ளை பாடுவதுபோன்ற குரலைக் கேட்டார். புனித சின்னப்பர் உரோமருக்கு எழுதிய திருமுகத்தைத் திறந்து, முதலில் கண்பட்ட பகுதியை வாசித்தார். இருள் நீங்கியது. கூடவிருந்த நண்பன் அலிப்பியுஸும் அவ்வாறே தீர்மானித்தார். இருவரும் உள்ளே சென்று முதலில் அறிவித்தது மொனிக்கம்மாளிடம். தாய் கேட்டது மகனின் ஞானஸ்நானம் மட்டுமே. மகனோ திருமணத்தையும் பட்டம் பதவியையும் விட்டுக் கடவுளுக்கே தம்மைக் கொடுக்கத் தீர்மானித்திருந்தார். பேரப்பிள்ளைகளைக் காண வேண்டும் என்ற ஆசையைவிடப் பெரிய மகிழ்ச்சி அந்தத் தாய்க்குக் கிடைத்தது.

387ஆம் ஆண்டு சித்திரை 24ஆம் திகதி பாஸ்கா இரவிலே, அகுஸ்தீனுக்கும் அவருடைய மகன் அதேயோதாத்துஸுக்கும் அலிப்பியுஸுக்கும் அம்புறோஸ் ஆண்டகை ஞானஸ்நானம் கொடுத்தார். மர அளவுகோலின்மேல் தாயும் மகனும் ஒன்றாக நின்றார்கள்.

மீண்டும் ஒரு துறைமுகம்

ஆபிரிக்காவுக்குத் திரும்புவதற்காக எல்லோரும் உரோமாபுரியின் துறைமுகமான ஒஸ்தியாவுக்கு வந்து தங்கினார்கள். முன்பு கார்த்தேஜ் துறைமுகத்தில் தாயை ஏமாற்றிக் கப்பலேறியவர், இப்போது தாயோடு கப்பலுக்காகக் காத்திருந்தார். ஒரு நாள் இருவரும் தோட்டத்தைப் பார்த்த ஒரு யன்னலில் சாய்ந்து நின்று, புனிதர்களின் நித்திய வாழ்வு எப்படியிருக்கும் என்று பேசினார்கள். பேசப்பேச மனம் படைக்கப்பட்டவை எல்லாவற்றையும் கடந்து மேலே சென்று, ஒரு கணம் அந்த நித்தியத்தைத் தொட்டது. அதன்பின் தாய், இவ்வுலகில் தமக்கு இனி ஒரு வேலையும் இல்லை என்றார். மகனைக் கத்தோலிக்கனாகக் காண்பதற்கே வாழ விரும்பியதாகவும், கடவுள் அதற்கு மேலும் தந்துவிட்டதாகவும் சொன்னார்.

ஐந்து நாட்களளவில் காய்ச்சல் கண்டது. சொந்த ஊரில் கணவரின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று முன்பு மிகவும் விரும்பி, இடமும் ஆயத்தம் செய்திருந்தவர் அவர். இப்போது உடலை எங்கேயும் வைக்கலாம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம், எங்கிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்திலே தம்மை நினைத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். நோயின் ஒன்பதாம் நாள், தமது ஐம்பத்தாறாம் வயதில், உயிர் நீத்தார். மகனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இம்முறை கரையில் விடப்பட்டவர் மகன்.

அகுஸ்தீன் கண்ணீரை அடக்கினார். அடக்கத்தின்போதும் அழவில்லை. ஒரு நித்திரைக்குப் பின், தனியே, கடவுளின் முன் மட்டும் அழுதார். தமக்காகப் பல்லாண்டு அழுத தாய்க்காகச் சிறிது நேரம் அழுததைக் குற்றமாக எண்ணவேண்டாம் என்று பின்னர் வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். 397ஆம் ஆண்டை அண்டி எழுதத் தொடங்கிய தமது தன்வரலாற்றின் ஒன்பதாம் பாகத்தை, தம் தாயையும் தகப்பனையும் பெயர் சொல்லி, வாசிப்போர் எல்லோரும் பீடத்திலே அவர்களை நினைக்கும்படி வேண்டியே முடித்தார்.

மொனிக்கம்மாளின் புனித பண்டங்கள் 1430ஆம் ஆண்டில் ஒஸ்தியாவிலிருந்து உரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்டன. இன்று புனித அகுஸ்தீனாரின் ஆலயத்தில் வணங்கப்படுகின்றன. 1945ஆம் ஆண்டில் ஒஸ்தியாவில் கோவிலொன்றின் அருகே விளையாடுவதற்குக் குழி தோண்டிய சிறுவர்களின் கைக்கு ஓர் உடைந்த கல் கிடைத்தது. அது மொனிக்கம்மாளின் பழைய கல்லறைச் சாசனத்தின் ஒரு பகுதி.

எமக்கு

வாசகர்களே, எமது வீடுகளிலும் காத்திருப்பவர்கள் இருக்கின்றார்கள். கோவிலை விட்டுப் போன பிள்ளைக்காக, குடியை விடாத கணவனுக்காக, பேச்சை நிறுத்திக்கொண்ட சகோதரனுக்காக, கடல் கடந்தபின் கடிதமும் செபமும் குறைந்துபோன மகனுக்காகக் காத்திருக்கின்றார்கள். மொனிக்கம்மாளைப்போல் அழுதால் நீங்கள் கேட்டது நிச்சயம் உங்கள் கண்முன்னே நடக்கும் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்க எமக்கு உரிமை இல்லை. அவருடைய கண்கள் கண்டதைக் காணாமலே மூடிய கண்கள் அநேகம். அந்தத் தாய்மார் குறைவாகச் செபித்தவர்களும் அல்லர், கடவுளால் மறக்கப்பட்டவர்களும் அல்லர்.

நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். காத்திருந்த ஆண்டுகள் வீண்போகவில்லை. மகன் மாறுமுன் தாய் மாறினார். மகனின் பெருமையை நாடிய தாய் மகனின் மீட்பை நாடினார். ஆட்களைத் தேடி ஓடியவர் பீடத்தடியில் அமர்ந்தார். ஊர்க் கல்லறையை விரும்பியவர் அந்நிய மண்ணையும் ஏற்றார். கார்த்தேஜ் கரையில் செபம் மறுக்கப்பட்ட அன்று அவர் செபத்தை நிறுத்தியிருந்தால், மகனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பது கடவுளுக்குத் தெரியும். ஆனால் ஒஸ்தியாவின் யன்னலருகே நின்ற அந்தத் தாய் உருவாகியிருக்கமாட்டார்.

அவர் எம்மிடம் கேட்டதும் சிறிய காரியம். பீடத்திலே ஒரு நினைவு. வரும் ஞாயிறு திருப்பலியில் இறந்தோரை நினைக்கும் வேளையில், காத்திருந்தபடியே கண்மூடிய எமது ஊர்த் தாய்மாரையும் தகப்பன்மாரையும் பெயர் சொல்லி நினைப்போம். அவர்கள் யாருக்காகக் காத்திருந்தார்களோ, அவர்களுக்காகவும் ஒரு செபம் சொல்லுவோம்.